கலிஜகாவும் லியூஸியும்: கிளிஃபோர்டு கீர்ட்ஸின் பண்பாட்டு ஒப்பாய்வு

ஒப்பிட்டு நோக்குதல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியம் தனித்தாளாகவே இடம்பெற்றுள்ளது. சங்கப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய பிறமொழி வீரயுகப் பாடல்களோடு இணைத்து ஆராய்ந்த க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே 1968இல் அமெரிக்காவில் மற்றோர் ஒப்பீட்டு நூல் வெளிவந்தது. அது இலக்கியங்களை ஒப்பிடவில்லை, மக்களை ஒப்பிட்டது. மொராக்கோ நாட்டு முஸ்லிம்களும் இந்தோனேசிய நாட்டு முஸ்லிம்களும் அந்நூலின் பொருள். அதனை எழுதியவர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர். அந்நூலின் ஆங்கிலத் தலைப்பிலுள்ள ஒரு சொல், 'உற்று நோக்கப்பட்டது' என்றும் 'கடைப்பிடிக்கப்பட்டது' என்றும் இருபொருள் படுவது. நோக்கல், நோற்றல் என்னும் இரண்டையும் ஒருங்கே தரவல்ல ஒரு சொல் தமிழில் இல்லாமையால், அத்தலைப்பின் நயத்தை அப்படியே கொணர்தல் அரிது.

இந்நூலை நம் மாணவர்க்கு அறிமுகம் செய்ய விழைவதற்குக் காரணம் உண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் இளைஞர் இருவேறு குரல்களைக் கேட்டே வளர்கின்றனர். 'உங்கள் வீட்டு வழக்கங்கள் அரபு நாட்டில் இல்லை. ஆதலின் உங்கள் இஸ்லாம் குறையுடையது' என்பது ஒரு குரல். 'உங்கள் சமயம் கடல் கடந்து வந்தது. ஆதலின் உங்கள் தமிழ் முழுமையற்றது' என்பது மற்றொரு குரல். இவ்விரண்டும் ஒப்பீடுகளே. யாரோ ஒருவரை அளவுகோலாக நிறுத்திவிட்டு, ஏனையோரை அவரருகே கொண்டுவந்து நெட்டை, குட்டை பார்க்கும் ஒப்பீடுகள். கீர்ட்ஸ் மேற்கொண்ட ஒப்பீடு இவ்வகையினது அன்று. அது எவ்வகையினது, எங்கே வெல்கிறது, எங்கே தவறுகிறது என்பதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏணி ஒப்பீடு

மானிடவியல் ஒரு துறையாக உருப்பெற்ற 19ஆம் நூற்றாண்டில், பண்பாடுகளை ஒப்பிடுதல் என்றால் அவற்றை ஓர் ஏணியின் படிகளில் நிறுத்துதல் என்றே பொருள். 1871இல் இங்கிலாந்தின் எட்வர்டு டைலரும், 1877இல் அமெரிக்காவின் லூயிஸ் ஹென்றி மார்கனும் எழுதிய பெருநூல்கள் இப்போக்கினை நிலைநாட்டின. காட்டு நிலை, முரட்டு நிலை, நாகரிக நிலை என மார்கன் மூன்று நிலைகளை வகுத்தார். ஏணியின் உச்சியில் நின்றவர்கள் அந்நூல்களை எழுதியவர்களின் இனத்தாரே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1896இல் ஃபிரான்ஸ் போவாஸ் இவ்வொப்பீட்டு முறையின் வரம்புகளை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை வரைந்தார். ஒத்த வழக்கங்கள் இரண்டு இடங்களில் காணப்படின் அவற்றிற்கு ஒரே காரணந்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு மக்களின் வரலாற்றையும் தனித்தனியே அறிந்த பின்னரே ஒப்பிடல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். ஏணி அன்றே ஆட்டங்கண்டது.

இவ்விடத்தில் அல்பிரூனியை நினையாமல் செல்ல இயலாது. 973இல் குவாரஸ்ம் நாட்டிற் பிறந்த அப்பேரறிஞர், 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி அரபியில் ஒரு பெருநூல் இயற்றினார். வடமொழியைக் கற்று, பண்டிதர்களோடு உரையாடி, அவர்தம் நூல்களை நேரே பயின்று எழுதினார். மறுத்துரைப்பது தம் நோக்கமன்று என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, இந்துக்களின் கொள்கைகளைக் கிரேக்கரின் கொள்கைகளோடும் சூஃபிகளின் கொள்கைகளோடும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். இனங்களும் குலங்களும் பலவாக இருப்பதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்பது 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் தரும் செய்தி. அச்செய்தியை ஆய்வு முறையாகவே மாற்றிக் காட்டியவர் அல்பிரூனி எனலாம். அவரை முதல் மானிடவியலாளர் என்றே அழைப்பாரும் உளர்.

இரு சிற்றூர்கள், இரு பெரியார்கள்

கீர்ட்ஸ் 1926இல் சான்ஃபிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் தத்துவமும் அதன்பின் ஹார்வர்டில் மானிடவியலும் பயின்றார். 1952இல் தம் மனைவி ஹில்ட்ரெட் கீர்ட்ஸுடன் கிழக்கு ஜாவாவின் பாரே என்னும் ஊரில் தங்கிக் களப்பணி செய்தார். ஊரார் நலன் கருதி, தம் நூல்களில் அவ்வூரை 'மொஜோகுட்டோ' என்னும் புனைபெயரால் குறித்தார். 1960இல் வெளிவந்த ஜாவாவின் சமயம் பற்றிய அவரது நூல் அக்களப்பணியின் விளைவு. 1960களில் அவர் களம் மொராக்கோவுக்கு மாறிற்று. ஃபெஸ் நகருக்குத் தெற்கே அட்லஸ் மலையடியில் அமைந்த செஃப்ரூ என்னும் பழைய சந்தை நகர் அவருடைய இரண்டாம் ஊராயிற்று. 1967இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய பொழிவுகளே மறு ஆண்டில் நூலாயின. 2006இல் மறையும் வரை இவ்விரு ஊர்களையும் அவர் மறந்தாரில்லை.

இரண்டு ஊர்களுக்கும் இடையே 12,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஒன்று இஸ்லாமிய உலகின் மேற்கெல்லை, மற்றொன்று கீழெல்லை. மொழி, தட்பவெப்பம், தொழில், உணவு யாவும் வேறு. பொதுவாய் இருப்பது கலிமா ஒன்றே. ஆய்வாளருக்கு இதுவே வாய்ப்பாயிற்று. ஒன்று மாறாது நிற்க ஏனையவை மாறும்போதுதான் எது எதனால் ஆனது என்பது புலப்படும். இப்பொருளை விளக்கக் கீர்ட்ஸ் புள்ளிவிவரங்களைத் தேடிச் செல்லவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் நாவில் வழங்கும் ஓர் இறைநேசர் வரலாற்றை எடுத்துக்கொண்டார். அவ்விரு வரலாறுகளையும் நம் சொற்களிற் கூறுவோம்.

ஜாவாவில் இஸ்லாம் பரவக் காரணமாயிருந்த ஒன்பது வலிமாருள் ஒருவர் சுனன் கலிஜகா. மஜபாஹித் அரசின் உயர் அலுவலர் ஒருவரின் மைந்தர். இளமையில் சூதாடியாகவும் குடியராகவும் திரிந்து, தாயின் பொருளையே கவர்ந்து, அது தீர்ந்தபின் வழிப்பறியில் இறங்கினார். ஒருநாள் பொற்பூண் அணிந்து, பொற்கோல் ஏந்தி வந்த ஒருவரை மறித்தார். வந்தவர் சுனன் போனாங் என்னும் இறைநேசர். அவர் அஞ்சாமல் நகைத்து, அருகிருந்த மரத்தைச் சுட்டினார். மரம் பொன்மரமாய் மாறி மணிகள் தொங்கிற்று. உலகப் பொருளின் சிறுமை கள்வர்க்கு அக்கணமே விளங்கிற்று. தமக்கும் அவ்வறிவைத் தருமாறு வேண்டினார். 'நான் திரும்பும் வரை இவ்வாற்றங்கரையில் காத்திரு' என்று கூறிவிட்டுப் பெரியவர் சென்றார். கலிஜகா காத்திருந்தார். பத்தாண்டு என்பர் சிலர். முப்பது, நாற்பது என்பர் வேறு சிலர். மரங்கள் முளைத்து ஓங்கின. வெள்ளம் வந்து வடிந்தது. மக்கள் கூட்டம் அவரைக் கடந்து சென்றது. அவர் அசையவில்லை. போனாங் திரும்பி வந்தபோது, தாம் கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்றும், மாணவர் தம்மினும் மிக்க ஞானம் எய்தியிருந்தார் என்றும் கண்டார். 'ஆற்றைக் காத்தவர்' என்பதே கலிஜகா என்னும் பெயரின் பொருள். வயாங் எனப்படும் தோற்பாவை நிழற்கூத்தினைச் சமயம் பரப்பும் கருவியாக்கியவர் இவரே என்பது ஜாவா மக்களின் நம்பிக்கை.

இக்கதையில் கீர்ட்ஸ் கண்டு வியந்தது ஒன்று. கலிஜகா முஸ்லிமாக மாறிய பொழுதில் அவர் திருக்குர்ஆனை ஓதியிருக்கவில்லை, பள்ளிவாசலில் நுழைந்திருக்கவில்லை, தொழுகையொலியைக் கேட்டிருக்கவில்லை. உள்ளத்தின் அடக்கம் முதலில் வந்தது. நெறி பின்னர் வந்தது.

மொராக்கோவின் கதை வேறு. சீதி லஹ்சன் லியூஸி வரலாற்றில் வாழ்ந்த பெரியார், 1631இல் பிறந்து 1691இல் மறைந்தவர், பெர்பர் இனத்தவர். இளமையில் ஞானம் நாடி அலைந்து, பாலைவன ஓரத்துத் தம்க்ருத் என்னும் ஊரில் இப்னு நாஸிர் என்னும் ஷெய்கிடம் சேர்ந்தார். ஷெய்கு கொடிய நோயுற்றிருந்தார். சீழ்படிந்த தம் ஆடையைத் துவைத்து வருமாறு ஒவ்வொரு மாணவரையும் கேட்டார். எல்லாரும் அருவருத்துப் பின்வாங்கினர். லியூஸி அதனை ஊற்றுக்கு எடுத்துச் சென்று துவைத்து, பிழிந்த நீரையே பருகினார். மீண்டு வந்தபோது அவர் கண்கள் கனன்றன. ஷெய்கின் பரக்கத் அவரிடம் வந்து சேர்ந்தது.

பின்னர் அவர் மெக்னஸ் நகரில் சுல்தான் முலாய் இஸ்மாயிலின் விருந்தினரானார். 1672 முதல் 1727 வரை ஆண்ட அச்சுல்தான் தம் நகருக்கு மாபெரும் மதில் எழுப்பிக்கொண்டிருந்தார். நோயுற்று வீழ்ந்த அடிமை ஒருவனை மதிலோடு சேர்த்து அடைத்துக் கட்டிவிட்டனர். தொழிலாளர் இரகசியமாக லியூஸியிடம் முறையிட்டனர். அவர் சுல்தானிடம் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு உணவு வந்ததும் உண்ட தட்டை உடைத்தார். நாள்தோறும் உடைத்தார், அரண்மனைத் தட்டுகள் தீரும் வரை உடைத்தார். சுல்தான் அழைத்துக் காரணம் வினவியபோது, மண்ணாலான கலம் பெரிதோ, அல்லாஹ் படைத்த கலம் பெரிதோ என்னும் கருத்துப்படக் கேட்டார். சுல்தான் அவரை நகரை விட்டு வெளியேறப் பணித்தார். அவர் மதிலுக்கு வெளியே கல்லறைகளுக்கு அருகில் கூடாரம் அடித்தார். 'என் நகரை விட்டுப் போகச் சொன்னேனே' என்று சினந்து குதிரையேறி வந்த சுல்தானிடம், தாம் இப்போது இருப்பது இறைவனின் நகரில் என்றார். நிலத்தில் ஒரு கோடு கிழித்தார். அதனைக் கடந்த குதிரையின் கால்கள் மண்ணுள் புதைந்தன. சுல்தான் மன்றாடினார். லியூஸி கேட்ட வரம் யாது தெரியுமோ? தாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழித்தோன்றல் என அரசாணை வழங்க வேண்டும் என்பதே! அதனைப் பெற்றுக்கொண்டு மலைக்காட்டுக்குச் சென்று மறைந்தார்.

இரண்டு கதைகளையும் ஒருங்கே படிப்பார்க்குக் கீர்ட்ஸின் கருத்து எளிதில் விளங்கும். ஒருவர் காத்திருக்கிறார், மற்றவர் மோதுகிறார். ஒருவர் தம்மை அடக்கித் தம் உருவையே கரைத்துக்கொள்கிறார். மற்றவர் தம் ஆளுமையால் அரசனையே மடக்குகிறார். இருவரும் தம் மக்களுக்கு முஸ்லிம் வாழ்வின் மேன்மைக்கு எடுத்துக்காட்டானவர்கள். நெல்வயல்களும் பழைய அரசவைகளும் கொண்ட ஜாவாவில் நிறைவு என்பது அமைதி. குலங்கள் ஒன்றோடொன்று பொருதுகொண்டிருந்த மொராக்கோவில் நிறைவு என்பது உறுதி. இவர்களுள் சிறந்தவர் யார் என்று கீர்ட்ஸ் கேட்கவில்லை. 'இறைநேசம்' என்னும் ஒரே சொல் இரண்டிடத்தும் எத்துணை வேறான வாழ்வைச் சுட்டுகிறது என்பதே அவர் வினா.

ஓர் இடைக்குறிப்பு. லியூஸி மெக்னஸில் தட்டுகளை உடைத்ததாகச் சொல்லப்படும் அதே காலத்தில்தான், நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் (1632–1703) வாழ்ந்தார்கள். உமறுப்புலவர் வரலாற்றைக் கற்பிக்கும் நாம் இவ்விரு ஆண்டுக் கணக்குகளையும் இணைத்துப் பார்த்ததே இல்லை.

சொற்களின் வழியே

கீர்ட்ஸின் பிற்காலக் கட்டுரைகள் தமிழாசிரியர்க்கு இன்னும் நெருக்கமானவை. ஏனெனில் அவற்றில் அவர் பண்பாடுகளைச் சொற்களின் வழியே ஒப்பிடுகிறார். 1974இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், 'ஆள்' என்பதனை ஜாவா, பாலி, மொராக்கோ ஆகிய மூவிடத்தாரும் எங்ஙனம் கருதுகின்றனர் என ஆராய்ந்தார். ஜாவா மக்கள் மனித வாழ்வை 'பாத்தின்', 'லாஹிர்' என இரண்டாகப் பகுப்பர். பாத்தின் அகம், லாஹிர் புறம். நம் சூஃபிப் பாடல்களைப் பயின்றோர்க்கு இவை பழகிய அரபுச் சொற்களே. ஆயினும் ஜாவாவில் அவை ஞானியர் வழக்காக மட்டும் நில்லாமல் எளியோரின் அன்றாட ஒழுக்கமாகவே ஆகியுள்ளன. அகத்தைத் தியானத்தால் செம்மைப்படுத்தல், புறத்தை மரியாதையால் செம்மைப்படுத்தல் என்பது அவர்தம் கல்வி. இளமையிலேயே மனைவியை இழந்த ஒருவர், வந்தவரை எல்லாம் மாறாப் புன்முறுவலோடு வரவேற்று, துயரத்தின் மேடு பள்ளங்களை உள்ளும் புறமும் சமன்செய்ய முயன்றதைக் கீர்ட்ஸ் அங்குக் கண்டு எழுதியுள்ளார். ஒப்பாரியை இலக்கிய வகையாகவே போற்றும் நமக்கு இது வியப்பன்றோ?

பாலியில் குழந்தை பெற்றோரை 'இன்னாரின் தந்தை', 'இன்னாரின் தாய்' என்றே அழைப்பர். குழந்தைகளுக்குப் பிறந்த வரிசையால் வாயான், மாதே, ஞோமான், கெதுத் எனப் பெயர் வரும். செஃப்ரூவிலோ 'நிஸ்பா' என்னும் உறவுப்பெயர் ஆளும். ஊரால், குலத்தால், தொழிலால் ஒருவர் இன்னார் எனப்படுவார். அதுவும் இடத்துக்கு இடம் மாறும். செஃப்ரூவுக்கு வெளியே 'செஃப்ரூயி' எனப்படுபவர், ஊருக்குள் அப்பெயரால் பயனின்மையின் தம் குலப்பெயரால் வழங்குவார். காயல்பட்டினத்து ஆலிம்கள் 'அல்காஹிரி' என நிஸ்பா பூண்டதை அறிந்த நமக்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை.

1981இல் யேல் சட்டக் கல்லூரியில் நிகழ்த்திய பொழிவில் 'ஹக்', 'தர்மம்', 'ஆதத்' என்னும் மூன்று சொற்களைக் கீர்ட்ஸ் எடுத்துக்கொண்டார். மூன்றையும் 'சட்டம்' என மொழிபெயர்ப்பது எளிது, பயனற்றது. ஹக் என்பது உண்மை, உரிமை இரண்டுமாய் நிற்கும் சொல். இறைவனின் திருநாமங்களுள்ளும் ஒன்று. மொராக்கோ காழியின் மன்றத்தில் உண்மையை நாடுதல் என்பது உண்மை சொல்லத்தக்கவரை நாடுதலாயிற்று. அதனாலேயே நேர்மையாளர் எனச் சான்றளிக்கப்பெற்ற சாட்சிகள் அங்கு ஒரு பணித்துறையாகவே வளர்ந்தனர். ஆதத் என்பதும் அரபுச் சொல்லே. நம் இல்லங்களில் 'ஆதத்து' என்றால் வெறும் பழக்கம். மலாய் உலகில் அது தகுதியும் முறைமையும் ஆகும். டச்சு ஆட்சியாளர் அதனை 'வழக்காற்றுச் சட்டம்' என ஏட்டில் எழுதி உறையச் செய்தனர். அதனைக் கீர்ட்ஸ் ஏற்கவில்லை. ஊரவை கூடிப் பேசிப் பேசி ஒருமனப்படும் செயலில்தான் ஆதத் வாழ்கிறது என்றார். அவ்வாறு கூடிப் பேசுதலுக்கு இந்தோனேசியர் இட்ட பெயர் 'முஷாவரா'. நம் ஜமாஅத்துகள் 'மஷூரா' என்கின்றன. ஒரே வேர்.

ஒப்பிடுவார்க்கு இதனிற் சிறந்த பாடம் இல்லை என்பது நம் கருத்து. இரு மக்களிடம் ஒரே சொல் இருப்பதனால் ஒரே பொருள் இருப்பதாகக் கொள்ளலாகாது. வேறு சொல் இருப்பதனால் வேறு பொருள் என்றும் துணியலாகாது.

மறுத்தோர்

கீர்ட்ஸின் புகழ் பெரிது; அவரை மறுத்தோர் தொகையும் பெரிது. மறுப்புகள் யாவும் ஒரே எடையின அல்ல.

ஹென்றி மன்சன் 1993இல் வெளியிட்ட நூலில் லியூஸியின் கதையையே கேள்விக்கு உள்ளாக்கினார். வரலாற்று லியூஸி பெரும் நூலாசிரியர். சுல்தானின் அநீதிகளைக் கண்டித்து அவருக்கே மடல் எழுதியவர். தட்டுடைத்த கதையைச் சொல்லிவிட்டு அம்மடல்களைச் சொல்லாமல் விடுதல் முறையோ என்பது மன்சன் வாதம். கதை கதையே என்பதைக் கீர்ட்ஸ் அறியாதவர் அல்லர். மக்கள் மனத்தில் வாழும் லியூஸியே அவர்க்கு வேண்டப்பட்டவர். எனினும் மடல்களும் மொராக்கோ நாட்டின் பண்பாடுதானே! எழுதப்பட்டதை விட்டுச் சொல்லப்பட்டதை மட்டும் எடுக்கும் ஆய்வு, எழுத்தறிவு மிக்க ஒரு சமயத்தின் பாதியையே காணும். இம்மறுப்பு வலுவுடையது.

ஜாவாவைப் பற்றிய மறுப்பு இன்னும் ஆழமானது. ஊரார் கூடி அரபியில் துஆ ஓதி, உணவைப் பகிர்ந்து, எஞ்சியதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் 'சலாமத்தான்' என்னும் விருந்தை, இஸ்லாத்துக்கு முந்திய பழைய நம்பிக்கைகளின் தொடர்ச்சியாகவே கீர்ட்ஸ் பெரிதும் கண்டார். 'சலாமத்' என்பது அரபுச் சொல் என்பதே சிந்திக்கத் தூண்டியிருக்க வேண்டும். இஸ்லாமிய வரலாற்றறிஞர் மார்ஷல் ஹாட்ஜ்சன், 1974இல் வெளிவந்த தம் பெருநூலில், ஜாவாவின் இஸ்லாமியக் கூறுகளையே கீர்ட்ஸ் இந்துக் கூறுகளாக எண்ணிவிட்டார் எனச் சுட்டினார். 1989இல் மார்க் வுட்வர்டு, ஜாவாவின் அரண்மனைச் சமயமும் ஊர்ச்சமயமும் சூஃபி நூல்களில் வேரூன்றியவை என விரிவாக நிறுவ முயன்றார். கலிஜகாவின் ஆற்றங்கரைக் காத்திருப்பு, புற்றினுள் இருந்த வான்மீகியை நமக்கு நினைவூட்டுவது மெய்யே. ஆயினும் தனித்திருத்தலாகிய 'கல்வத்' சூஃபிகளின் பழைய பயிற்சி அன்றோ? அவர் எதைச் செய்துகொண்டிருந்தார் என ஆற்றுக்கே வெளிச்சம்.

தலால் அசத் 1986இல் எழுப்பிய வினா, நம்பிக்கையாளர்க்கு மிகவும் வேண்டப்படுவது. மதீனாவில் 1932இல் பிறந்த இம்மானிடவியலாளர், ஒவ்வோர் ஊரிலும் ஓர் இஸ்லாம் உண்டு என எண்ணிக்கொண்டே செல்வது ஆய்வன்று என்றார். முஸ்லிம்கள் எங்கிருப்பினும் திருக்குர்ஆனையும் ஹதீஸையும் முன்வைத்து 'எது சரி' என விவாதித்துக்கொண்டே வந்துள்ளனர். அவ்விவாத மரபே ஆய்வுப் பொருள் என்பது அவர் முடிவு. சரி, தவறு கூறாமல் நிற்பது கீர்ட்ஸின் பெருமை. ஆனால் மக்களே தம்முள் சரி, தவறு பேசிக்கொள்வதைக் கேளாமல் விடுவது குறை. பாட்டியின் வழக்கமா, மகன் கற்றுவந்த பாடமா என நம் வீடுகளில் எழும் வழக்காடலும் இம்மரபில் அடங்கும். அதில் பங்குகொள்வது மார்க்க அறிஞர் பணி. அதனைக் கவனித்துப் பதிவது மானிடவியலார் பணி. ஒருவர் பணியை மற்றவர் பறிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. 1965–66இல் இந்தோனேசியாவில் பொதுவுடைமையர் எனப்பட்டோர் மீது நிகழ்ந்த படுகொலையில் 5 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை மாண்டனர் என மதிப்பிடுவர். பாரே ஊர் அடங்கிய கெதிரி வட்டாரம் அக்கொடுமை மிக்கிருந்த இடங்களுள் ஒன்று. பொறுமையும் அடக்கமும் ஒரு பண்பாட்டின் இயல்பு என வரைந்தவர், அதே மண்ணில் அயலார் அயலாரைக் கொன்றதை 1968ஆம் ஆண்டு நூலில் மேலோடு தொட்டுச் சென்றார் என்னும் குற்றச்சாட்டு இன்றும் உள்ளது. 1995இல் வந்த தன்வரலாற்று நூலில் அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதினார். ஓர் இறைநேசரின் முகத்தை ஒரு நாட்டின் முகமாக்கும்போது நேரும் இடர் இது.

இடையிலுள்ள கடல்

கீர்ட்ஸ் இரு கரைகளைக் கண்டார். இடையிலுள்ள கடலைக் கண்டாரில்லை. அக்கடலில் நாமும் இருக்கிறோம். கிழக்கிந்தியத் தீவுகளுக்கு இஸ்லாம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றது என 1951இல் மாரிசன் என்பார் வாதிட்டார். குஜராத்திலிருந்து சென்றது எனவும், அரபு நாட்டிலிருந்தே சென்றது எனவும் கூறுவார் உளர். வழக்கு முடிந்தபாடில்லை. ஜாவாவின் மார்க்கக் கல்விக்கூடமாகிய 'பெசந்திரன்' என்னும் பெயருக்கு வேரான 'சந்திரி' தமிழ்ச்சொல் என்ற கருத்தும் ஒன்றுண்டு. தமிழ்ப்பற்று அதனை ஏற்கத் தூண்டினும், 'சாஸ்திரி' என்னும் வடசொல்லே பொருத்தமாகப் படுகிறது. ஐயமற்ற சான்று வேறு உண்டு. மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் ஜைனுத்தீன் மக்தூம் இயற்றிய 'ஃபத்ஹுல் முஈன்' என்னும் ஷாஃபிஈ சட்டநூல், ஜாவாவின் பெசந்திரன்களில் இன்றளவும் பாடநூலாக விளங்குகிறது. கலிஜகாவின் நாட்டார் ஆற்றங்கரையில் மட்டும் இருந்தாரில்லை; கேரளத்தில் எழுதப்பட்ட கிதாபையும் திறந்துவைத்துக்கொண்டிருந்தனர்.

இக்கடல்வழி ஒப்பீட்டினை அண்மையில் மேற்கொண்டவர் ரோனிட் ரிச்சி. 2011இல் வெளிவந்த அவரது நூலின் மையத்தில் நம் பாடத்திட்டத்து நூல் ஒன்றே உள்ளது. வண்ணப்பரிமளப் புலவர் பாடி 1572இல் அரங்கேறிய 'ஆயிர மசலா'தான் அது. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது எனத் தேர்வுக்கு எழுதுகிறோமே, அந்நூல். யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினாக்கள் தொடுத்து விடைபெற்று இஸ்லாத்தைத் தழுவிய செய்தி அரபியினின்றும் மலாய்க்கும் ஜாவா மொழிக்கும் தமிழுக்கும் சென்றது. மூன்று மொழியாரும் தத்தம் யாப்பு, தத்தம் மரியாதைச் சொற்கள், தத்தம் கதை மரபு ஆகியவற்றால் அதனை எவ்வாறு தமதாக்கினர் என ரிச்சி அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார். யாருடைய மொழிபெயர்ப்பு மூலத்துக்கு நெருக்கமானது என்னும் மதிப்பெண் பட்டியல் அதில் இல்லை.

எழுத்தின் வழியும் இவ்வொப்பீட்டைத் தொடரலாம். அரபியில் பகரம் இல்லை. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதியோரும், ஜாவா மொழியைப் 'பெகோன்' முறையில் எழுதியோரும், நம் முன்னோராகிய அரபுத்தமிழ் எழுதியோரும் தம் மொழியின் பகரத்துக்கென ஓர் எழுத்தைப் புள்ளியிட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மொராக்கோவின் பெர்பர் மக்களுக்கு இடர் வேறு. 'அங்கு' என்னும் சொல்லில் வரும் மெலிந்த ககரம் அவர்கள் மொழியில் உண்டு. அரபு எழுத்தில் இல்லை. 1749இல் மறைந்த முஹம்மது அவ்சால் என்னும் பெர்பர் புலவரின் மார்க்கப் பாடல்களைப் படியெடுத்தோர் 'காஃப்' எழுத்தின்மேல் மூன்று புள்ளிகளை இட்டு அவ்வொலியைக் குறித்தனர். மலாய் எழுத்தர் அதே ஒலிக்கு அதே 'காஃப்' எழுத்தில் ஒரு புள்ளி இட்டனர்.